கண்ட நேரம்

“நடுவுல உக்காந்திருக்கிறவன் தன்கிட்ட எதையும்…” இல்லை, எதையும் என்று மாமனார் சொல்லவில்லை, குறிப்பாக ஒன்றைச் சொன்னார், அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார், அது எது என்பதுதான் பூவராகனுக்கு வர மாட்டேன் என்கிறது. திருச்சி டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தாறு வருஷம் ஊருக்கு ஊர் லைன் போட்டுக் கொடுத்த மனுஷர், ஓய்வு பெற்ற அன்று சந்தன மாலை உறுத்திய கழுத்தைத் திருப்பித் திருப்பி, மைக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்று பேசிய பேச்சு. பாதி மைக்கில் விழுந்தது, பாதி மின்விசிறியோடு போனது. கல்யாணமான புதிது, இவன் கவனமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமதியின் வளையலில் இருந்தது. ரகசியத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்றாரா, கோபத்தையா? இப்போது போய்க் கேட்கவும் முடியாது. பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாக மாமனாருக்கு வாய் இல்லை, கண் மட்டும்தான் பேசுகிறது, அதற்காகத்தான் கோமதி அழுது அரற்றி இவனை ஊர் திரும்ப வைத்தாள். இந்தப் பேச்சு இப்போது ஏன் நினைவுக்கு வர வேண்டும், காலை பத்து நாற்பத்திரண்டுக்கு, படிவத்தின் மூன்றாம் பக்கத்தைத் திறந்து அந்தப் புகைப்படத்தைப் பார்த்த அதே நொடியில்? புகைப்படத்தில் ஒரு சின்னக் கூம்பு, ஆண்டெனாவின் வாய், சோதனை மேஜைமேல் தனியாக நின்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றி டிஷ் இல்லை. டிஷ் இல்லாமல் அளந்திருக்கிறார்கள். மறுபடியும் அப்படித்தான் அளந்திருக்கிறார்கள். பதினெட்டு வருஷம் கழித்து, அதே ஆள், அதே பிழை, தானாக நடந்து வந்து இவன் மேஜையில் உட்கார்ந்திருக்கிறது.

வேலை என்று பார்த்தால் இவன் வேலையும் மாமனார் வேலைதான். உடுமலைக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே மூன்று பெரிய டிஷ்களைச் சுற்றி வேலி போட்ட நிலையம். பூமியை ஒட்டித் தாழப் பறக்கிற ஒரு விண்கலம் எந்த ஊரின் தலைக்கு மேலும் எட்டு நிமிடத்துக்கு மேல் தங்காது, சௌக்கியமா என்று கேட்பதற்குள் அந்தப் பக்கம் இறங்கிவிடும். ஆனால் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேலே, பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் ஆணியடித்ததுபோல் நிற்கிற ரிலே சாட்டிலைட்டுக்கு ஒரு பக்கத்து உலகம் முழுவதும் தெரியும். கீழே ஓடும் கலத்தைக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும், இங்கிருந்து போகிற பேச்சை வாங்கி அதனிடம் கொடுக்கும், அதன் பேச்சை வாங்கி இங்கே கொடுக்கும். யாருக்கு எத்தனை மணிக்கு லைன் என்று முறை வைத்துக் கொடுப்பது பூவராகன். பக்கத்து மேஜையில் ஆண்டெனாவைத் திருப்புகிறவள் பிரிசில்லா, தூத்துக்குடிக்காரி, வாய் ஓயாது. “சார், இப்ப வந்துருக்க அவசர ஃபார்ம் என்ன சாட்டிலைட்டு தெரியுமா? நடுக்கடல்ல போட்டு கவுந்தா பட்டன அமுக்கணுமாம், மேல அதுக்குக் கேக்குமாம். எங்க அண்ணன் இப்பவே ரெண்டு பட்டன் கேக்கான். ஒண்ணு கடலுக்கு, ஒண்ணு வீட்டுக்கு, மதினி திட்டுறப்ப அமுக்க.” இவன் சிரித்தான், சிரித்ததாக முகம் சொன்னது. நேற்று மாலை ஏவிய கலம், குளிர்பெட்டி அளவு. நான்கு தரை நிலையங்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டன, பதில் இல்லை. ‘சூரியப் பலகையை விரி’ என்ற கட்டளை காதில் விழுந்தால்தான் விரிக்கும், விரிக்காததால் ஒவ்வொரு முறை பூமியின் நிழலுக்குள் போகும்போதும் பேட்டரி இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அடுத்த நிழல் 11.09க்கு. அதைத் தாண்டி வெளியே வரும்போது அதில் உயிர் இருக்காது. ஆகவே 10.45 முதல் இருபத்து நான்கு நிமிடம் ரிலே லைன் வேண்டும், அலை இடக்கை. கீழே இரண்டு பெயர்கள். தயாரித்தவர், ஆதிரை. கோருபவர், நிறுவனர், வி. தனகோபால். அந்த ‘வி’யின் வாலை இழுத்து அடிக்கோடாக்கும் கையெழுத்து, ஒரு சுற்றுகூட மாறவில்லை.

வலக்கை, இடக்கை. அலை திருகிக்கொண்டு போகிறது, திருகாணிபோல, ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம். வலக்கையில் கேட்கிற காதிடம் இடக்கையில் பேசினால் அது செவிட்டுக் காது. கண்ணாடி முன் நின்று வலது கையைத் தூக்கினால் உள்ளே இருப்பவன் இடது கையைத் தூக்குகிறான் இல்லையா, டிஷ்ஷும் ஒரு கண்ணாடிதான், பட்டுத் திரும்புகிற அலைக்குக் கை மாறிவிடும். கூம்பைத் தனியாக மேஜையில் வைத்து அளந்தால் இடக்கை, அதையே டிஷ்ஷில் பொருத்திப் பறக்கவிட்டால் வலக்கை. இது எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது, ஆனாலும் அவசரத்தில் அளவுத்தாளைப் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், எழுதிவிட்டு, யாராவது சொன்னால் அதட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். “சார், டிஷ்ல பட்டா கை மாறிடுமே” என்று இவன் சொன்னபோது இவனுக்கு முப்பது, வேறு ஊர், வேறு நிலையம், தனகோபால் தலைவர். “பூவராகா, ஃபார்ம்ல என்ன இருக்கோ அதை அடி. அதிகப்பிரசங்கித்தனம் என்ன, உங்க ஸ்ரீமுஷ்ணத்துச் சொத்தா?” சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இவன் அடித்தான். பதினோரு நிமிடம். பதினோரு நிமிடம் திரையில் பச்சைக்கோடு படுத்தே கிடந்தது, ஆஸ்பத்திரியில் முடிந்துபோனவனின் கோடுபோல, பிறகு கலம் நிழலுக்குள் போனது, போனது போனதுதான். விசாரணையில் தனகோபால், “நான் ஃபார்ம்ல வலக்கைன்னுதான் குடுத்தேன். பையன் தன்னிச்சையா மாத்திட்டான். பாவம், நல்ல பையன்தான், அனுபவம் பத்தல” என்றார். பையன். பாவம். படிவத்தை எடுத்துப் பார்த்தார்கள், வலக்கை என்றிருந்தது, புதுத்தாள் வாசனை போகாத படிவம். நீங்கள் சொன்னதாகச் சொல்கிறீர்களே, எங்கே எழுதினீர்கள் என்றார்கள். குறிப்பேட்டில் எழுதியிருந்தான். அந்தத் துறையில் எல்லாக் குறிப்பேட்டிலும் இரண்டு கட்டம் உண்டு, பிழையைக் கண்ட நேரம், அதற்குச் செய்ததின் நேரம். கண்ட நேரம் 3.10, தலைவரிடம் சொன்னேன் என்று நீல மையில் எழுதிய பக்கம் அதில் இல்லை. கிழித்த தடம்கூட இல்லாமல், தைத்த நூலை அவிழ்த்து எடுத்திருந்தார்கள். அன்றைக்குப் பக்க எண் போடும் வழக்கம் இல்லை. அப்பா ஒரே ஒரு தடவை, “நீ மாத்தினியாடா?” என்று கேட்டார். “இல்லப்பா.” “சரி.” அதற்குப் பிறகு சாகும்வரை கேட்கவே இல்லை, அந்தச் சரியை என்ன செய்வதென்று இவனுக்கு இன்றுவரை தெரியவில்லை. பதினாறு வருஷம் கடல் தாண்டி ஒரு பாலைவனத்தில், இதே மாதிரி டிஷ்களின் நிழலில் உட்கார்ந்து பழியைத் தீட்டியிருக்கிறான். இங்கிலீஷில் யோசித்தால் பழி ஒரு கடிதமாக வந்தது, பத்தி பிரித்து, ஆதாரம் இணைத்து. தமிழில் யோசித்தால் செருப்பாக வந்தது.

இன்றைக்குக் கடிதமும் வேண்டாம், செருப்பும் வேண்டாம். படிவத்தில் என்ன இருக்கிறதோ அதை அடித்தால் போதும். எவ்வளவு சுத்தம்! படிவத்தில் உள்ளதை மாற்ற நிலையத்தாருக்கு அதிகாரம் இல்லை, விதி ஒன்பது. சந்தேகம் இருந்தால் கோரியவரைக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும், விதி பத்து. சந்தேகம் வந்ததா என்று எவன் நெஞ்சைப் பிளந்து பார்ப்பான்? மூன்றாம் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. 10.45. “ரிலே திரும்பிருச்சு சார், கலம் கண்ணுல பட்டாச்சு” என்றாள் பிரிசில்லா. ஹெட்செட்டை மாட்டினான், இருமல் கேட்டது, அந்த இருமல், பேசுவதற்கு முன் தொண்டையை இரண்டு தடவை செருமுகிற அந்த இருமல், முதுகுத்தண்டில் எலி ஓடியதுபோல இருந்தது. “உடுமலைல யாரு பேசுறது?” “பூவராகன்.” வரட்டும், இப்போது நாக்கு ஒட்டிக்கொள்ளட்டும், வேர்க்கட்டும். “அட, நம்ம பூவராகனா! ஸ்ரீமுஷ்ணம்! எப்பய்யா வந்த? சொல்லவே இல்ல? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” குரலில் துளி கள்ளம் இல்லை. மறந்துவிட்டார். நூலை அவிழ்த்த கையை மறந்துவிட்டார், அல்லது நினைவில் வேறு ஒரு கதையாகத் தைத்துக்கொண்டுவிட்டார், அதில் இவன் ஏதோ தப்புச் செய்து அவர் பெரிய மனசு பண்ணிக் காப்பாற்றிய பையனாக இருக்கலாம். மறந்தவனிடம் எப்படிப் பழி வாங்குவது, அடி வாங்குகிறவனுக்கு எதற்காக என்று தெரிய வேண்டாமா? “படிவத்துல என்ன இருக்கோ அதைத்தான் சார் அடிப்பேன்” என்றான், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. “அதேதான்ப்பா, அதை அடி, சீக்கிரம்” என்றார் தனகோபால். அவ்வளவுதான். தைக்கவில்லை. இவன் அடித்தான். திரையின் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம், அதில் ‘இ’ என்று எரிந்தது. தனகோபாலின் அலுவலகத்திலிருந்து பத்து நொடிக்கு ஒரு தரம் ‘விரி’ புறப்பட்டது, உடுமலைக்கு வந்தது, இங்கிருந்து ரிலேவுக்கு ஏறியது, ரிலேயிலிருந்து கலத்துக்கு இறங்கியது, கலத்தின் செவிட்டுப் பக்கத்தில் தட்டிவிட்டு ஒன்றும் இல்லாமல் போனது. விரி. விரி. பச்சைக்கோடு படுத்தே கிடந்தது.

பதினோரு நிமிடம் இருக்கட்டும் என்று நினைத்தான், அதற்கு மேல் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் எனக்குச் சேர வேண்டிய பதினோரு நிமிடம். 10.47. வெளியே ஆடிக்காற்று, பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து வேலியில் மாட்டிய பாலித்தீன் பையை அறைந்துகொண்டே இருந்தது. டீ ஆறி ஏடு கட்டியிருந்தது, அதைக் குடித்தான், ஏடு உதட்டில் ஒட்டியது, ஒட்டியது இனித்தது, பழி இப்படியா இருக்கும், இப்படிச் சின்னதாக? நிருபர்கள் முன் தனகோபால் நிற்பார், சட்டைக் காலரைச் சரிசெய்வார், ஒரு சிறு கோளாறு என்பார். யாராவது மூன்றாம் பக்கத்தைக் காட்டிக் கேட்பார்கள், அன்றைக்கு நான் டீவி முன்னால் உட்கார்ந்திருப்பேன், மாமனாரையும் சாய்த்து உட்கார வைப்பேன், அவர் கண்ணால் என்ன கேட்பார்? 10.50. “சத்தமே இல்லையே சார்” என்றாள் பிரிசில்லா. “நம்ம பக்கம் எல்லாம் சரியாத்தான இருக்கு?” “ஃபார்ம் படி சரியா இருக்கு.” “நீங்க ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?” “ஏசி.” தூத்துக்குடியில் ஒருவன் இரண்டு பட்டன் கேட்கிறான். அது என் தப்பா? ஒரு பட்டனும் இல்லாமல் எத்தனை வருஷம் கடலுக்குப் போகவில்லை? இல்லை, இப்படி யோசிக்கிறவன் தனகோபால், இது அவர் குரல், என் மண்டைக்குள் எப்படி வந்தது. விரி. கலத்தை நினைத்தான், கருப்பில், கை கட்டிக்கொண்டு, யாரோ பேசுவதுபோல இருக்கிறதே என்று காதைத் தீட்டிக்கொண்டு. ரிலே பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது, கொடுத்ததைக் கொடுக்கிறது, எந்தக் கையில் கொடுத்தாலும். அதன் வயிற்றில் எதுவும் தங்குவதில்லை. மாமனார் சொன்னது அதுவா? நடுவில் உட்கார்ந்திருக்கிறவன் வஞ்சத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்றா? அப்படிச் சொல்கிற ஆள் இல்லை அவர், உபதேசம் பண்ணத் தெரியாது, பேசியதெல்லாம் டிக்கெட்டைப் பற்றித்தான். ஒவ்வொரு டெலிபோன் காலுக்கும் ஒரு சீட்டு, அதில் கேட்ட நேரம், லைன் கொடுத்த நேரம். அதைப் பற்றி ஏதோ சொல்லும்போதுதான் கைதட்டல் வந்தது, ஏன் கைதட்டினார்கள்? 10.53.

“சார்…” ஹெட்செட்டில் வேறு குரல், மெல்லிசான பெண்குரல், தனகோபாலின் பக்கத்து நாற்காலியிலிருந்து வருகிறது போல. “சார், அளவுத்தாள்ல இருக்கிற ஃபோட்டோல டிஷ் இல்லை. நான் அன்னிக்கே சொன்னேன்ல, டிஷ்ல பட்டா வந்து…” “ஆதிரை, இப்ப உன்ன யாரு கேட்டா?” “ஒரே ஒரு தடவை வலக்கைல போட்டுப் பாத்தா…” “வாயை மூடிட்டு உக்காரு. கத்துக்குட்டி எல்லாம் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சாச்சு. உங்க ஊர்ல எல்லாரும் இப்படியா?” யாரோ சிரித்தார்கள். அங்கேயும் சிரிக்க ஆள் வைத்திருக்கிறார். பூவராகனின் கை மவுஸ்மேல் இருந்தது, கை அசையவில்லை. இது பழைய நாள். அந்தப் பெண் எந்த ஊர், அவளுக்கு ஓர் அப்பா இருப்பார், அவர் ஒரே ஒரு தடவை கேட்பார். மாற்று என்றது ஏதோ, இன்னும் மூன்று நிமிடம் பாக்கி இருக்கிறது என்றது ஏதோ, என் பதினோரு நிமிடத்தில் மூன்றை எவள் கேட்டாலும் தர மாட்டேன். கொடுக்கவில்லை. 10.56ம் ஆனது, பதினொன்றும் நிறைந்தது, நெஞ்சில் ஒன்றும் நிறையவில்லை, அதனால் இன்னும் கொஞ்சம் என்று உட்கார்ந்திருந்தான், பசித்தவன் காலி இலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுபோல. 10.57க்கு மறுபடி இரண்டு செருமல். தனகோபால் யாரிடமோ பேசினார், லைன் திறந்திருப்பதை மறந்து, அல்லது இவன் கேட்டால்தான் என்ன என்று: “ஃபார்ம் போட்டது அந்தப் பொண்ணுதான். மேலாப்புல கையெழுத்து கேட்டா, போட்டேன். பாவம், நல்ல பொண்ணுதான், அனுபவம் பத்தல.” ஆக, விழப்போவது அவர் இல்லை. விழாத இடமாகப் பார்த்து அவர் ஏற்கெனவே நகர்ந்து நின்றுவிட்டார், தயாரித்தவர் என்ற கட்டத்தில் ஒரு பெயரை நட்டு வைத்துவிட்டு, பதினெட்டு வருஷமாகத் தீட்டிய கத்தியின் எதிரில் அந்த மெல்லிசான குரலை நிறுத்திவிட்டு. கத்தி என்னுடையது. கையும் என்னுடையதுதான்.

குரல் லைன் பதிவாவதில்லை, வாடிக்கையாளர் ஒப்பந்தம் அப்படி. நாளைக்கு மிஞ்சப்போவது குறிப்பேடு ஒன்றுதான். இந்த நிலையத்தில் பக்கத்துக்குப் பக்கம் அச்சடித்த எண், இவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சண்டை போட்டு அடிக்க வைத்த எண், நூலை அவிழ்க்க முடியாது. அதில் இன்று இரண்டு கட்டத்தையும் நிரப்ப வேண்டும். கண்ட நேரம் 10.57 என்று எழுதலாம், அந்தப் பெண் சொல்லித்தான் பார்த்தேன் என்று. யாருக்குத் தெரியும், வேலை நிற்கும், கோமதி நிம்மதியாகத் தூங்குவாள், பாராட்டுக்கூட வரும், சமயோசிதம் என்று. தனகோபாலைப் பற்றி மட்டும் உண்மையை எழுதிவிட்டு என்னைப் பற்றி ஒரு பதினைந்து நிமிடத்தை மட்டும் உருவிக்கொள்ளலாம், தடம்கூட இல்லாமல். நடுவுல உக்காந்திருக்கிறவன் தன்கிட்ட நேரத்தை… நேரத்தையா? நேரம்தானா? அதற்கா கைதட்டினார்கள்? தெரியவில்லை. அந்த ‘இ’ சதுரத்தைத் தொட்டு மாற்றினால் கலம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று அரை நொடியில் வந்துவிடும், போகக் கால் நொடி, வரக் கால் நொடி. வந்தபிறகு எழுதுகிறவன் வந்ததற்குத் தகுந்த மாதிரி எழுதுவான். அதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும். “சார், என்ன எழுதுறீங்க இப்பப் போய்?” என்றாள் பிரிசில்லா. பூவராகன் படிவத்தில் உள்ளதை யாருடைய அனுமதியும் இல்லாமல் வலக்கைக்கு மாற்றினான், திரையைப் பார்க்காமல், அதற்குச் சற்று முன்பே நீல மையில் எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டிருந்தான்:

பக்கம் 212. பிழை கண்ட நேரம் 10.42, கண்டவர் பூவராகன், யாரிடமும் சொல்லவில்லை. 10.53க்குக் கோரியவர் தரப்பில் ஆதிரை அதே பிழையைச் சொன்னார், தனகோபால் தடுத்தார். மாற்றிய நேரம் 10.58.